தேதி போடாத எட்டுக் கடிதங்கள்

பிப்ரவரி 9, புதன்

ஜெயித்துவிட்டேன். நான்காவது வார்டு, அறுபத்தொரு ஓட்டு வித்தியாசம். தேர்தல் அதிகாரி என் பெயரை மூன்று முறை வாசித்தார். அத்தனை பேருக்கு நடுவில் கை தூக்க வெட்கமாக இருந்தது. பெருமாயி அக்காதான் என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினார்.

“மேகலா இங்க இருக்காளுங்க! தூக்குடி கைய. ஜெயிச்சவ நீ, தோத்தவளாட்டம் நிக்கற.”

அக்கா ஒன்பதாவது வார்டு. இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். எனக்கு விழுந்த ஓட்டிலும் பாதி அவருடையதுதான். வீடு வீடாக அவர்தான் எனக்காகப் பேசினார். நான் கும்பிட்டுக்கொண்டு பின்னால் நின்றேன்.

வேலாங்குறிச்சியில் பதினைந்து வார்டு. எங்கள் கட்சிக்கு எட்டு, எதிர்க்கட்சிக்கு ஏழு. பேரூராட்சித் தலைவர் பதவி இந்த முறை பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கீடு. எங்கள் எட்டுப் பேரில் அப்படி இருப்பது அக்காவும் நானும் மட்டும். தலைவரைக் கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம் என்பது சட்டம். யாருக்குப் போடுவது என்று கட்சி சொல்லும் என்பது வழக்கம்.

மாலை போடும்போதே எல்லாரும் அக்காவைத் தலைவர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் ஒருமுறை கூப்பிட்டேன். இருபத்தேழு வருடமாகக் கட்சியில் இருப்பவர். பிரச்சாரம் முழுக்க ஒரே பேச்சு: “நான் வந்தா மொத வேல, காலனிக்குள்ள வர்ற மில்லுத் தண்ணிய நிறுத்தறதுதான்.”

ஜவ்வரிசி செய்யும் அந்தச் சேகோ மில் நல்லதம்பி அண்ணனுடையது. எங்கள் கட்சியின் பேரூர்ச் செயலாளர் அவர்தான், முதல் வார்டில் ஜெயித்தவரும் அவர்தான். அக்கா அப்படிப் பேசும்போதெல்லாம் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

தலைக்குக் குளித்தேன். ரோஜா மாலையின் வாசம் இன்னும் போகவில்லை.

பிப்ரவரி 10, வியாழன்

இ-சேவை மையத்துக்குப் போனேன். சாதிச் சான்றிதழ் ஏழு, வருமானச் சான்றிதழ் நான்கு. ஓனர், “கவுன்சிலருக்கு எப்படிம்மா வேலை சொல்றது?” என்று கேட்டுவிட்டு, பிரிண்டரைத் துடைக்கச் சொன்னார்.

அப்பா மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். மில் களத்தில் பதினெட்டு வருடமாக ஜவ்வரிசி காயவைக்கிறார், அரை நாள் லீவு தந்தது இதுதான் முதல் முறையாம். “நல்லதம்பி அவரே வந்து சொன்னாரு கண்ணு, போய் உம் பொண்ணு கூட இருய்யான்னு.” அப்பாவுக்கு அந்த மதியத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. நன்றாக இருந்த கட்டிலைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

சாயங்காலம் நல்லதம்பி அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்றபடி, “நாலஞ்சு நாளைக்குத் துணி எடுத்து வெச்சுக்கம்மா. எல்லாரும் ஒரு இடத்துக்குப் போறோம்” என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் போன பிறகு அம்மா கேட்டாள்.

பிப்ரவரி 11, வெள்ளி

ஏற்காடு. ஒரு லாட்ஜின் மாடி முழுவதும் எங்களுக்கு. எட்டுக்கு ஏழு என்பதால், ஒருவரை எதிர்க்கட்சி இழுத்துவிட்டாலும் ஆட்சி போய்விடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. வேனில் ஏறும்போதே போன்களை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கிக்கொண்டார்கள். அம்மாவிடம் பேச வேண்டும் என்றால் நல்லதம்பி அண்ணன் எதிரில் ஸ்பீக்கர் போட்டுப் பேசலாம். நான் பேசவில்லை.

பெண்கள் மூன்று பேருக்கும் ஒரே அறை. அக்கா, நான், பன்னிரண்டாவது வார்டு சரோஜா அக்கா. சரோஜா அக்கா வந்ததும் தலையணை உறையை முகர்ந்து பார்த்து, தன் புடவையை மடித்து வைத்துக்கொண்டார்.

மதியம் பிரியாணி. பெருமாயி அக்கா எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்: “மறியல்னு போவோம்ல, போலீசு புடிச்சுக் கல்யாண மண்டபத்துல அடைப்பான். புளிசோறு போடுவான். இவனுங்க பிரியாணி போடறானுங்க. வித்தியாசம் அவ்வளவுதான். அங்கயாவது சாயங்காலம் உட்ருவான்.”

சரோஜா அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் எட்டிப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 12, சனி

துவைத்த சுடிதார் காயவில்லை. இங்கே பகலிலும் பனி.

காலை பத்து மணிக்கு நல்லதம்பி அண்ணன் ஒரு கட்டு வெள்ளைத்தாளுடன் வந்தார். “மேகலா, உன் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குமாமே. எட்டுக் கடுதாசி எழுதும்மா” என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘பெறுநர்: தலைவர், வேலாங்குறிச்சி பேரூராட்சி. ஐயா, எனது சொந்தக் காரணங்களால் கவுன்சிலர் பதவியை ராஜினாமா செய்கிறேன்.’ தேதி போட வேண்டாம் என்றார். மேலிருந்து வந்த உத்தரவாம். எல்லா ஊரிலும் இப்படித்தானாம். யாராவது கட்சிக்கு எதிராகப் போனால் தேதியை நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

எட்டையும் எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. பெயரும் வார்டு எண்ணும் மட்டும்தான் மாறும். என்னுடையதை எழுதும்போதும் எழுத்து கோணவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நல்லதம்பி அண்ணன் முதலில் போட்டார். மற்ற ஆண்கள் நான்கு பேரும் சீட்டாட்டத்தை நிறுத்தாமலே கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் அறைக்கு நானே மூன்று கடிதங்களைக் கொண்டுவந்தேன்.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். முழுதாகப் படித்தார். பிறகு தாளைக் கட்டிலில் வைத்தார்.

“ஏன்டி, இன்னும் பதவியே ஏத்துக்கல. அதுக்குள்ள ராஜினாமாவா?”

“தலைவருக்கு எழுதியிருக்கு. தலைவர் யாருன்னே தெரியல, பெறுநர் மட்டும் ரெடி” என்றார் சரோஜா அக்கா.

“நான் போட மாட்டேன். நீங்களும் போடாதீங்க. எட்டுல மூணு போச்சுன்னா அவனுங்க கையில அஞ்சுதான். அஞ்ச வெச்சுக்கிட்டு யாரையும் மிரட்ட முடியாது. என்னங்கறீங்க?”

சரோஜா அக்கா சரி என்றார். நானும் தலையாட்டினேன். அக்கா என் கன்னத்தைத் தட்டினார். “படிச்ச புள்ள, உனக்குத்தான் நல்லாப் புரியும்.”

பிற்பகல் ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். படகில் பெண்களுக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். வந்ததும் ஆறு கடிதங்களை ஒப்படைத்தேன்.

பிப்ரவரி 13, ஞாயிறு

தலைவலி. நாள் முழுவதும் படுத்திருந்தேன்.

பிப்ரவரி 14, திங்கள்

காலை இட்லி சாப்பிடும்போதே சத்தம். நல்லதம்பி அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார்: “ஏழு கடுதாசி வந்திருக்கு. எட்டாவது எங்க பெருமாயி?”

அக்கா கையில் இருந்த இட்லித் துண்டை வைக்கவில்லை. “ஏழா?” என்று மட்டும் கேட்டார். சரோஜா அக்கா தன் தட்டைப் பார்த்தார். நானும் என் தட்டைப் பார்த்தேன்.

“ஏழுதான். இங்க இருக்கறவங்க எல்லாம் கட்சிய நம்பறாங்க. உனக்கு மட்டும் என்ன?”

“இருபத்தேழு வருசம் நான் நம்புனேனே, அதுக்குக் கட்சி எனக்கு எழுதி ஏதாச்சும் குடுத்துச்சாங்க? ஒரு வெள்ளத்தாளாவது?”

யாரோ சிரித்தார்கள். நல்லதம்பி அண்ணன் சிரிக்கவில்லை.

சரோஜா அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார், தன் கணவர் போனில் கெஞ்சியதால் நேற்று மதியம் போட்டுக் கொடுத்துவிட்டாராம். அழுதார். “நீ எப்பப் போட்ட?” என்று கேட்டார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பெருமாயி அக்கா என்னிடம் எதையும் கேட்கவில்லை. என் துணியையும் சேர்த்து மடித்து வைத்திருந்தார். சுடிதார் காய்ந்துவிட்டது.

பிப்ரவரி 15, செவ்வாய்

மாவட்டம் வந்தார். இங்கே பதவிதான் ஆளின் பெயர். மாவட்டச் செயலாளரை ‘மாவட்டம்’ என்கிறார்கள், ஒன்றியச் செயலாளரை ‘ஒன்றியம்’. “மாவட்டம் குளிக்கிறாரு, இருங்க” என்றார்கள். இருபது நிமிடம் நின்றேன்.

பெருமாயி அக்காவை முதலில் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். கடந்து போகும்போது, “மில்லுத் தண்ணியப் பத்திக் கேட்டாரு. சொன்னேன். நம்ம கட்சிக்காரன் மில்லுதானேம்மாங்கறாரு. நாத்தத்துல கட்சி என்னங்க இருக்குன்னுட்டு வந்துட்டேன்” என்றார். முகம் பிரகாசமாக இருந்தது. தான் நன்றாகப் பேசிவிட்டதாக நினைத்தார்.

பிறகு என்னை. உள்ளே மாவட்டமும் நல்லதம்பி அண்ணனும், தலைமையிலிருந்து வந்தவர் என்று ஒருவரும் இருந்தார்கள். மாவட்டம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, “உக்காரும்மா” என்றார். கல்லூரியில் மூன்று வருடம், வேலையில் இரண்டு வருடம். நான் நிற்பதைப் பார்த்து ஒருவர் நாற்காலி காட்டியது இதுதான் முதல் முறை.

“என்ன படிச்சிருக்க?”

“பி.எஸ்சி. மேத்ஸ்ங்க.”

“கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிடுவியா?”

“தெரியலைங்க.”

“மில்லுத் தண்ணியப் பத்தி நீ என்ன நினைக்கற?”

எங்கள் வீடு வாய்க்காலுக்கு மூன்றாவது வீடு. மாலையில் தண்ணீர் திறந்துவிட்டால் சோற்றிலும் அந்தப் புளித்த வாடை ஏறிவிடும். இதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. நல்லதம்பி அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பெயரை யாரும் சொல்லவில்லை.

“பெரியவங்க பார்த்துச் சொல்ற மாதிரிங்க” என்றேன்.

தலைமையிலிருந்து வந்தவர் முதல் முறையாக நிமிர்ந்து, நல்லதம்பி அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: “அடக்கமான பொண்ணா இருக்கேய்யா.”

இரவு சாப்பாட்டில் எனக்கு இரண்டாவது முட்டை வைத்தார்கள். சரோஜா அக்காவுக்கு வைக்கவில்லை.

பிப்ரவரி 16, புதன்

பதவியேற்பு. வேனில் நேராகப் பேரூராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். உறுதிமொழி வாசித்தபோது மைக்கில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பா கடைசி வரிசையில் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, புதிது. யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்கவில்லை.

படியில் இறங்கும்போது எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவர் பெருமாயி அக்காவின் அருகே வந்தார். அடுத்த படியில் நான் இருந்தேன்.

“அக்கா, எங்ககிட்ட ஏழு ஓட்டு இருக்கு. உங்க ஓட்டையும் சேர்த்தா எட்டு. நீங்கதான் தலைவர். மில்லுத் தண்ணிய நாளைக்கே நிறுத்தலாம்.”

அக்கா சத்தமாகச் சிரித்தார். “ஏழு மாப்பிள்ள இருக்கற ஊட்டுக்கு வாழப்போற வயசா தம்பி எனக்கு? நல்லதோ கெட்டதோ, நான் தாலி கட்டிக்கிட்டது இந்தக் கட்சியத்தான். போ, போய் வேற வேலயப் பாரு.”

வேனில் ஏறுமுன் நல்லதம்பி அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “படியில அவன் பெருமாயிகிட்ட என்ன பேசுனான்?”

ஏழு ஓட்டு இருக்கிறது, உங்கள் ஓட்டோடு எட்டு, நீங்கள்தான் தலைவர் என்று அவர் சொன்னதைச் சொன்னேன். அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். மீதியைச் சொல்ல நேரம் இல்லை.

மறுபடி ஏற்காட்டுக்கு இரண்டு மணி நேரப் பயணம். நல்லதம்பி அண்ணன் எனக்கு முன் இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 17, வியாழன்

பெயர் வந்துவிட்டது. கட்சிப் பத்திரிகையில் ஏழாம் பக்கம், பெட்டிச் செய்தி. வேலாங்குறிச்சி பேரூராட்சித் தலைவர் வேட்பாளர்: எஸ். மேகலா, பி.எஸ்சி. துணைத் தலைவர் வேட்பாளர்: நல்லதம்பி. என் இனிஷியல் தவறு. எம். என்று இருக்க வேண்டும். யாரும் திருத்தச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மாவட்டம் போனில் ஒரு நிபந்தனை சொன்னாராம். எதிர்க்கட்சி பேரம் பேசிய ஆள் யார் என்று தெரிந்துவிட்டதால், அந்த ஆள்தான் நாளை என் பெயரை முன்மொழிய வேண்டும். விசுவாசத்தை எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும்.

இதை நல்லதம்பி அண்ணன் அறை வாசலில் நின்று சொன்னபோது அக்கா தலைவாரிக்கொண்டிருந்தார்.

“பேரம் பேசுனேன்னு எவன் சொன்னான்?”

“சொன்னாங்க. அத உடு.”

“நான் என்ன பதில் சொன்னேன்னு சொல்லலியா?”

நல்லதம்பி அண்ணன் படியிறங்கிப் போய்விட்டார். அக்கா சீப்பிலிருந்து முடியை உருவிச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் இல்லை. ஒரு கொத்து முடியைச் சுருட்டும் நேரம்தான்.

“அவன் பேசுனப்ப எனக்குப் பின்னால யாரு நின்னான்னு இப்பத்தான் ஞாபகம் வருது” என்றார்.

நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். பக்கெட் நிரம்பி வழியும் வரை நின்றேன். மீதியைச் சொல்லியிருந்தாலும் அவர்கள் அக்காவுக்குப் பதவியைக் கொடுத்திருக்க மாட்டார்கள். இதை எழுதிவைக்கிறேன். கொடுத்திருக்கவே மாட்டார்கள்.

பிப்ரவரி 18, வெள்ளி

காலை ஒன்பதரைக்குத் தேர்தல். செயல் அலுவலர் வேட்புமனு கேட்டார். அக்கா எழுந்தார். அறையில் எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் ஏழு பேரும் பார்த்தார்கள். அவர் ஒரு சொல் மாற்றிச் சொன்னால் போதும், தலைவர் ஆகிவிடலாம். எனக்கு அந்த நொடியில் பயமாக இருந்தது. எதற்குப் பயந்தேன் என்று எழுத விரும்பவில்லை.

“நாலாவது வார்டு மேகலாவத் தலைவர் பதவிக்கு முன்மொழியறனுங்க” என்றார். உட்கார்ந்தார்.

எட்டுக்கு ஏழு. நான் தலைவர்.

பட்டாசு வெடித்தார்கள். நல்லதம்பி அண்ணன் சால்வை போட்டார். போட்டோவுக்காக அக்காவைத் தேடினார்கள், முன்மொழிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். அவர் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா சேமியா பாயசம் வைத்திருந்தாள். அப்பா என்னை ‘நீங்க’ என்று கூப்பிட்டுப் பார்த்தார். விளையாட்டுக்குத்தான். ஆனால் நல்லதம்பி அண்ணன் இனிக் களத்து வேலை வேண்டாம், மேஸ்திரி வேலை பாரு என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது விளையாட்டு இல்லை.

பிப்ரவரி 19, சனி

பெருமாயி அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று புறப்பட்டேன். தெருமுனை வரை போனேன். வீட்டில் விளக்குமாறு இல்லை என்று ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 21, திங்கள்

முதல் நாள் அலுவலகம். தலைவர் அறையில் ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி. என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி போடச் சொல்லி நல்லதம்பி அண்ணன் உட்கார்ந்துகொண்டார். துணைத் தலைவருக்குத் தனி அறை இருக்கிறது. “இங்க காத்து நல்லா வருது” என்றார்.

பதினொரு மணிக்குப் பெருமாயி அக்கா வந்தார். கூடக் காலனிப் பெண்கள் நான்கு பேர். கையில் மனு. மில் கழிவுத் தண்ணீரைப் பற்றியது. முப்பத்தெட்டுப் பேர், பாதி கையெழுத்து, மீதி கைநாட்டு. மூன்றாவது கைநாட்டு எங்கள் அம்மாவுடையது.

நான் எழுந்தேன். “உக்காரும்மா, தலைவரு எந்திரிக்கக் கூடாது” என்றார் நல்லதம்பி அண்ணன். உட்கார்ந்தேன்.

“வாங்க அக்கா” என்றேன். கையை நீட்டினேன்.

அக்கா மனுவை என்னிடம் கொடுக்கவில்லை. என் நீட்டிய கைக்கு மேலாக நல்லதம்பி அண்ணனிடம் கொடுத்தார்.

“அம்மிணிக்குச் சிரமம் வேண்டாங்க. மில்லும் உங்களுது, நாற்காலியும் உங்களுது, நடுவுல எதுக்கு ஒரு ஆளு? நீங்களே படிச்சு, நீங்களே எழுதிக்குங்க. கையெழுத்துக்கு மட்டும் அந்தப் பக்கம் தள்ளுங்க.”

கூட வந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லதம்பி அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. நிதானமாகப் படித்தார். ஓரத்தில் பென்சிலால் எழுதினார். ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது. வாய்க்காலில் மழைநீர் மட்டுமே செல்கிறது.’ பிறகு என் பக்கம் தள்ளினார்.

அவர்கள் போகவில்லை. ஐந்து பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைத் தடுக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது.

பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுதினேன். ஒரு எழுத்தும் பிசகவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன்.